ஒரு ஸ்கேனும் ஒரு கிக்பேக்கும்

எனக்கு ஒரு சொல் சரியாக அகப்படாவிட்டால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. எழுந்து அடுப்படிக்குப் போவேன். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்புவேன். வாசல் கேட் வரை போய்த் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நாற்காலிக்கு வருவேன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீடு அகலமில்லாமல் நீளமாக மட்டும் கட்டப்பட்டது என்பதால் இப்படி நடப்பதற்குத் தோதாக இருக்கும்.

மொழிபெயர்ப்புதான் என் பிழைப்பு. மிக்சியோடு கூட வருகிற, யாரும் திறந்து பார்க்காத கையேடு, மருந்து டப்பாவுக்குள் மடித்து வைத்திருக்கும் தாள் இப்படி எதுவெல்லாம் ஆங்கிலத்திலிருந்து தமிழாக வேண்டுமோ அதெல்லாம் என்னிடம் வரும். அந்த மாதம் வந்தது, உழவர்கரைப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலை தன் ஆட்களுக்காகத் தயாரித்த நேர்மைக் கையேடு. அதில் ஒரு பக்கம் முழுக்க ஒரே சொல்லுக்கு ஒதுக்கியிருந்தார்கள். கிக்பேக். அதன் பொருள் என்ன, எங்கே எப்படி வழங்கும், எடுத்துக்காட்டாக மூன்று வாக்கியங்கள். அது அலுவல் மொழியல்ல, பேச்சு வழக்கில் சொல்வது என்று ஒரு குறிப்பு வேறு.

லஞ்சம் என்று போட்டுத் தொலைக்கலாம் என்றால் முடியவில்லை. லஞ்சம் கொடுப்பவனுக்குத் தான் கொடுக்கிறோம் என்று தெரியும். வயிற்றெரிச்சலோடாவது தெரிந்தே கொடுப்பான். கிக்பேக்கில் பணம் யாருடையதோ அவனுக்குத்தான் ஒன்றும் தெரியாது. நான் ஒரு பொருள் வாங்கப் போகிறேன். இதை வாங்குங்கள் என்று சொல்கிறவர் என் ஆளாக என் பக்கத்திலேயே நிற்கிறார். நான் கடையில் கொடுத்த பணத்தில் ஒரு பங்கு, நான் போன பிறகு அவர் சட்டைப் பைக்குப் போகிறது. நான் அவருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வருகிறேன். இவ்வளவையும் ஆங்கிலத்தில் ஒரு குட்டிச் சொல்லில் அடக்கிவிட்டார்கள், தமிழில் எழுத ஒரு பத்தி வேண்டியிருந்தது.

நம் ஊரில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. கமிஷன், கட்டிங், பாத்து செய்ங்க, கவனிச்சிட்டோம். எல்லாம் இந்தப் பூனையும் பால் குடிக்குமா என்கிற முகத்தோடு இருக்கின்றன. எதிர் வீட்டில் ஒரு சொல்தா இருக்கிறார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு அந்தப் பென்ஷனில் வாழ்கிறவர்களுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். பால் பாக்கெட்டோடு போய்க்கொண்டிருந்தவரை நிறுத்திக் கேட்டேன்.

"பிரான்சுல 'பொத்துவேன்'னு சொல்லுவாங்கம்மா" என்றார். "அப்படியே சொன்னா ஒரு பானை ஒயினு."

புதுச்சேரித் தொழிலாளிகளைப் பார்த்து யாரிடமும் ஒரு பானை ஒயின் வாங்காதீர்கள் என்று எழுதினால் என்ன ஆகும்? கையேட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

மதியம் சாப்பிட வந்த என் வீட்டுக்காரரைக் கேட்டேன். அவர் முதலியார்பேட்டையில் பைப், குழாய், பாத்ரூம் சாமான் விற்கிற கடையில் வேலை பார்க்கிறார். முதலாளி இல்லை, ஆனால் அவர் இல்லாவிட்டால் முதலாளிக்குக் கை ஓடாது. இதை நான் எழுதும்போதும் அவர் அந்தக் கடையில்தான் நிற்கிறார்.

"அதுவா? எங்க கடைல அதுக்குப் பேரு ஹெல்மெட்டு" என்றார்.

விளக்கமும் சொன்னார். வீடு கட்டுகிறவரை பிளம்பர் கடைக்குக் கூட்டி வருவார். நாலு குழாயை எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றைத் தட்டி, "இத்த போடுங்க சார், காலத்துக்கும் வரும்" என்பார். பில் போட்டு, பணம் கட்டி, இரண்டு பேரும் வெளியே போவார்கள். பிளம்பரின் ஹெல்மெட் மட்டும் கவுண்டரிலேயே இருக்கும். பாதி வழியில், "அடடா, ஹெல்மெட்ட வுட்டுட்டேன், நீங்க போய்கினே இருங்க சார்" என்று சொல்லிவிட்டு பிளம்பர் திரும்பி வருவார். ஹெல்மெட்டுக்குள் அவருக்குச் சேரவேண்டியது இருக்கும். சைக்கிளில் வருகிறவர்கள் துண்டை மறப்பார்கள், அளவு டேப்பை மறப்பார்கள். பிளம்பர் இல்லாமல் ஒருவர் தானாக வந்து பேரம் பேசினால் அந்தப் பங்கு பில்லில் அவருக்கே குறைந்துவிடும்.

"கவுண்டர்ல கெடக்கிற சாமானப் பாத்தாலே எந்த பிளம்பரு பார்ட்டி இட்டாந்தான்னு சொல்லிடுவேன் நானு" என்று பெருமையாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே மோரை டம்ளருக்கு இடது பக்கமாக, தட்டுக்கு வெளியே சிந்தியிருந்த சோற்றுப் பருக்கைகளின் மேல் ஊற்றினார்.

அவர் இப்படி ஊற்றுவது முதல் தடவை இல்லை. சில வாரங்களாகவே காலையில் எழுந்ததும் தலைவலி என்பார், சில நாள் வாந்தியும் இருக்கும். பித்தம் என்று எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து குடிப்பார். கதவின் இடது பக்க நிலையில் தோளை இடித்துக்கொள்வார். நான் அவருக்கு இடது பக்கமாகப் போய் நின்றால் கூப்பிடும் வரை என்னைக் கவனிக்க மாட்டார். காது கேட்கவில்லையோ என்றுதான் முதலில் நினைத்தேன்.

அன்று சாயங்காலமே எங்கள் தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் மகள் கைக்குழந்தையாக இருந்த காலத்திலிருந்து எங்களுக்கு அவர்தான். இப்போது அவள் கோயம்புத்தூரில் படிக்கிறாள், போனில் அவளுக்கு இருமல் கேட்டாலும் நான் அவரிடம்தான் போய் நிற்பேன். அவர் என் வீட்டுக்காரரைத் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விரலை ஆட்டி, தெரிகிறதா தெரிகிறதா என்று கேட்டார். கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு மேசையில் இருந்த ஒரு சீட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். அது ஒரு ஸ்கேன் சென்டர்க்காரர்களே தங்கள் பெயரையும் படத்தையும் போட்டு அச்சடித்து டாக்டர்களுக்குக் கொடுக்கிற சீட்டு. அதில் மூளை என்ற இடத்தில் ஒரு டிக் அடித்தார்.

"இங்கயே எடுத்துடுங்க. லேட் பண்ணாதீங்க" என்றார்.

வெளியே வந்து வண்டியை எடுக்கும்போது என் வீட்டுக்காரர் அந்தச் சீட்டை மடித்து என் கையில் கொடுத்தார். அவர் முகத்தில் கவலையே இல்லை. குஷியாகவே இருந்தார் என்றுகூடச் சொல்லுவேன்.

"ஹெல்மெட்ட மறந்துட்டாரு பாரு டாக்டரு" என்றார். "இங்கயே எடுங்கன்னு சொன்னாரில்ல? நான் தெனம் பாக்குறதுதான் இது. என் கிட்டயேவா?"

அதோடு சரி. ஸ்கேன் எடுக்க வரமாட்டேன் என்றுவிட்டார். நான் கெஞ்சினேன், கத்தினேன், சமைக்காமல் படுத்துப் பார்த்தேன். மனுஷன் ஓட்டலில் பொட்டலம் வாங்கி வந்து எனக்கும் ஒன்று வைத்தார். எதைச் சொன்னாலும் அவரிடம் கடையிலிருந்து ஒரு பதில் தயாராக இருந்தது. தலைவலி இருக்கிறதே என்றால், குழாய் ஒழுகினால் வாஷர் மாற்றினால் போதும், முழு லைனையும் உடைக்கச் சொல்கிறவன் கமிஷனுக்குத்தான் சொல்வான் என்பார். இத்தனை வருஷப் பழக்கம் என்றால், பழகின பிளம்பர்தான் பெரிய பில் போட வைப்பான் என்பார். எனக்கு ஆத்திரமாக வந்தது. இந்த ஆளுக்கு ஊரில் யாருமே ஒரு விஷயத்தை அது தேவை என்பதற்காகச் சொல்ல மாட்டார்களா?

அதைவிட ஆத்திரம், எனக்கும் அவர் சொல்வது முழுக்கப் பொய் என்று தோன்றாததுதான். பகலெல்லாம் அந்தப் பாழாய்ப்போன சொல்லோடு உட்கார்ந்திருந்தேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தமிழாக்கப் போனால் விரல் தானாக, டாக்டர் ஸ்கேன் சென்டரிலிருந்து கிக்பேக் வாங்குகிறார் என்று அடித்தது. அழித்தேன். இலக்கணப்படி பார்த்தால் அந்த வாக்கியத்தில் ஒரு பிழையும் இல்லை. எழுந்து நடந்தேன், கேட்டைத் தொட்டேன், வந்து உட்கார்ந்தேன். மகளுக்குக் காய்ச்சல் கண்ட நாளில் வீட்டுக்கே வந்து பார்த்த மனிதரை நினைப்பேன். அடுத்த நிமிஷமே, அப்போது அவர் எழுதிக்கொடுத்த ரத்தப் பரிசோதனைகளில் எத்தனை தேவைப்பட்டது என்றும் நினைப்பேன். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொள்வதால் இவ்வளவு தொல்லை வரும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஒரு நாள் சாயங்காலம் இரண்டு பேரும் மளிகை வாங்கிக்கொண்டு வண்டியில் வந்துகொண்டிருந்தோம். அவர் ஓட்டுகிறார், பின்னால் நான். இடது பக்கம் ஒரு தள்ளுவண்டிக்காரர் கொய்யாப்பழத்தோடு சாலையில் இறங்கினார். எனக்கு நன்றாகத் தெரிகிறது. இவரோ பிரேக்கில் கையே வைக்கவில்லை. நான் அலறியதில் வண்டியை ஒடித்தார். வண்டியின் இடது கண்ணாடி தள்ளுவண்டியில் மோதி உடைந்தது. கொய்யா உருண்டு சாலையெல்லாம் ஓடியது. தள்ளுவண்டிக்காரர் திட்டிய திட்டில் ஒன்று மட்டும் என் காதில் நின்றது.

"கண்ணு தெரியிலன்னா ஊட்ல குந்த வேண்டிதான? ஏன்யா ரோட்டுக்கு வர்ற?"

கொய்யாவுக்குப் பணம் கொடுத்துவிட்டு வந்தோம். வழியெல்லாம் என் வீட்டுக்காரர், அந்த ஆள் கையைக் காட்டாமல் இறங்கினான் என்றே சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் டாக்டரிடம் நான் மட்டும் போனேன். கூட்டம் வருவதற்கு முன்னால் போனதால் அவர் தனியாகச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வளைக்கத் தெரிந்திருந்தால் வளைத்திருப்பேன். அது எனக்கு வராது.

"டாக்டர், அந்த ஸ்கேன் சென்டர்ல ஒங்களுக்கு கமிஷன் உண்டா?"

கேட்டதும் எனக்கே முகம் சூடாகிவிட்டது. எழுந்து போ என்பார் என்று நினைத்தேன். அவர் செய்தித்தாளை மடித்தார், இன்னும் சின்னதாக மடித்தார்.

"உண்டும்மா" என்றார். "எல்லாருக்கும் கொடுக்கிறாங்க. நான் கேட்டு வாங்கல. வேணாம்னும் சொன்னதில்ல."

"அப்ப இவருக்கு எழுதினது?"

"இது தேவைதான்."

"எப்படி டாக்டர் நம்புறது?"

அவர் மடித்த செய்தித்தாளை மேசை இழுப்பறையில் வைத்து மூடினார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று இருந்தது. இல்லவே இல்லை, சத்தியமாக இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் சண்டை போட்டிருப்பேன்.

"எடுக்கலாமா வேணாமான்னு எனக்கே ரெண்டு மனசா இருந்தப்ப, எடுத்துடுங்கன்னு எழுதியிருக்கேன்" என்றார் கடைசியில். "இல்லன்னு சொல்ல மாட்டேன். ஒங்க வீட்டுக்காரர் விஷயத்துல எனக்கு ரெண்டு மனசு இல்லம்மா. அவருக்கு இடது பக்கம் பார்வை போய்க்கிட்டு இருக்குது. அந்தச் சீட்டக் கிழிச்சிப் போடுங்க. எங்க வேணா போய் எடுங்க. யாரு அனுப்புனதுன்னு கவுண்டர்ல கேப்பாங்க. நாங்களேதான் வந்தோம்னு சொல்லுங்க. எனக்கு எதுவும் வேணாம். ஆனா இந்த வாரத்துக்குள்ள எடுத்துடுங்க."

அங்கிருந்து வீட்டுக்கு வரவில்லை. எங்கள் ஊரில் ஷேர் ஆட்டோ மாதிரி ஓடுகிற டெம்போவைப் பிடித்து நேரே முதலியார்பேட்டைக்குப் போனேன். டெம்போவில் இடமிருந்தும் உட்காரத் தோன்றவில்லை, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றேன். இறங்கிக் கடைக்குள் ஏறும்போது ஜெயித்துவிட்ட எண்ணம்தான் என்னிடம் இருந்தது. இனி இவர் வாயைத் திறக்க முடியாது என்று நினைத்தேன்.

அவர் ஒரு குழாயைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கமிஷன் உண்டு என்று டாக்டர் ஒத்துக்கொண்டதைச் சொன்னபோது, பார்த்தாயா என்பது போல் புருவத்தை ஏற்றினார். அது தனக்கு வேண்டாம் என்று அவர் சொன்னதைச் சொன்னதும் கை நின்றுவிட்டது.

"வேணாம்னா சொன்னாரு?"

"ஆமாங்க."

"அவரு வாயாலயே சொன்னாரா?"

"ஆமாங்க. எங்க வேணா போய் எடுக்கச் சொன்னாரு."

குழாயைக் கவுண்டரில் வைத்தார். அதன் பக்கத்தில் யாரோ மறந்துவிட்டுப் போன துண்டு ஒன்று கிடந்தது. அதைத் தள்ளிவிட்டு அங்கேயே, சாமான் அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். பெட்டி அமுங்கியது. வேறு நாளாக இருந்தால் பெட்டிமேல் உட்கார்ந்தவனைத் திட்டியிருப்பார்.

"ஒரு பிளம்பரு எப்ப கமிஷன் வேணாம்பான் தெரியுமா?" என்றார். என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தே பேசினார். "அவன் சொந்த ஊட்டுக்கு வாங்க வர்றப்பதான். எனக்கு எதுவும் வாணாம்ணே, நல்லதா குடு, இல்லன்னா செவுத்த உடைக்கணும்பான். அப்ப மட்டுந்தான் சொல்லுவான்."

பிறகு சொன்னார்: "அப்ப எனக்கு நெசமாவே ஏதோ இருக்குது."

நான் கொண்டுவந்த செய்தி என்ன என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் இந்த மனுஷன் கமிஷன் கமிஷன் என்று சொல்லிக்கொண்டிருந்தது டாக்டரைத் திட்டுவதற்காக அல்ல. அந்தக் கமிஷன் இருக்கிறவரைக்கும் அவர் தலைக்குள் ஒன்றும் இல்லை. அவர் பிடித்துக்கொண்டிருந்த கிளையை நான் டெம்போ ஏறி வந்து வெட்டிவிட்டேன். அவர் தோளில் கை வைக்கலாம் என்றால் கடையில் ஆட்கள் இருந்தார்கள். வைத்தேன்.

ஸ்கேனில் என்ன வந்தது, எங்கே ஆபரேஷன் நடந்தது என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லப் போவதில்லை. டாக்டர் சந்தேகப்பட்டபடியே தலைக்குள் ஒரு கட்டி இருந்தது. நல்ல வேளையாக விஷக் கட்டியாக இல்லை, எடுத்துவிட்டார்கள். இடது பக்கப் பார்வையில் பாதி திரும்பிவிட்டது. வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார், டெம்போவில்தான் கடைக்குப் போகிறார். நான் கையேட்டில் கிக்பேக் என்பதை கிக்பேக் என்றே தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன், யாரும் எதுவும் சொல்லவில்லை. இதெல்லாம் பிறகு நடந்தவை. என் மனதை விட்டுப் போகாமல் இருப்பது ஸ்கேன் எடுக்கப் போன இடத்தின் கவுண்டரில் நடந்ததுதான்.

டாக்டர் சொன்ன இடத்துக்கு நாங்கள் போகவில்லை. வேறொரு சென்டருக்குப் போனோம். என் வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி சட்டையை உள்ளே விட்டு பெல்ட் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே பெல்ட்டைக் கழற்றச் சொல்வார்கள் என்று நான் சொல்லியும் கேட்கவில்லை. கவுண்டரில் ஒரு பெண் கம்ப்யூட்டரில் பெயர், வயது எல்லாம் தட்டிக்கொண்டாள்.

"எந்த டாக்டர் அனுப்புனாங்க சார்?"

நாங்களேதான் வந்தோம் என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், டாக்டரின் பெயரையும் தெருவையும் சொன்னார்.

"டாக்டர் அனுப்பாம நீங்களே வந்ததா போட்டா கொஞ்சம் கொறையும் சார்" என்றாள் அந்தப் பெண், நல்ல மனசோடுதான்.

"கொறைய வேணாம்மா. அவுரு அனுப்புனதுன்னே போடு."

"என்னங்க, அவரேதான வேணாம்னாரு?" என்று முழங்கையைப் பிடித்தேன். நான் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்தேன். என்னைப் பார்ப்பதற்கு அவர் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கண்ணில் அப்படி ஒரு கெஞ்சலை நான் பார்த்ததில்லை.

"இருக்கட்டும்" என்றார் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "கமிஷனுக்காக அனுப்புனதாவே இருக்கட்டும்."

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், என்ன போடுவது என்று கேட்கிற மாதிரி. "டாக்டர் அனுப்புனதுதான், போட்டுக்கம்மா" என்றேன். அவர் பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். கதவு மூடிய பிறகு நான் அந்த நீள வராந்தாவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். எங்களை டாக்டர் ஏமாற்றியிருக்க வேண்டும், நன்றாக ஏமாற்றியிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டே நடந்தேன்.